தலைவர் பெயர்ப் பலகையை இறக்கித் தரக் கோருவது

அனுப்புநர்:
கா. முகம்மது கனி,
பலசரக்கு வியாபாரி,
சேந்தனேரி விலக்கு,
திருமங்கலம் தாலூகா.

பெறுநர்:
கனம் ஜில்லா கலெக்டர் அவர்கள்,
மதுரை.

பொருள்: சேந்தனேரி விலக்கில் டாக்டர் இல்லாத தர்ம ஆஸ்பத்திரியின் முகப்புப் பலகையை இறக்க உத்தரவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேஜைமேல் ஆயிரம் காகிதம் இருக்கும். டாக்டர் வேண்டுமென்று நான் முன்பு அனுப்பிய விண்ணப்பங்களும் அவற்றுக்கு அடியில் எங்காவது இருக்கலாம். இது அந்த விண்ணப்பம் அல்ல. டாக்டர் கேட்பதை விட்டுவிட்டேன். பலகையை இறக்கினால் போதும்.

1. வெள்ளைக்காரன் போவதற்கு முந்திய வருஷம் நம் தேசத் தலைவர் இவ்வழியே டி. கல்லுப்பட்டிக்குப் போகையில், என் கடை எதிரே காரை நிறுத்திப் பேசினார். பெயரை நான் எழுதவில்லை, பலகையில் இருக்கிறது. சொந்த ராஜாங்கம் வந்ததும் வண்டி மாடு களைப்பதற்குள் எட்டுகிற தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கும், ஏழை என்பதற்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் சாகமாட்டாள் என்றார். கேட்டு அழுதவர்களில் நானும் ஒருவன். எதிர்ப்புறம் எனக்கிருந்த புஞ்சையை அன்றே ஆஸ்பத்திரிக்கென்று கொடுத்தேன். சுற்றுக் கிராமத்தார் கல் சுமந்தார்கள், சுண்ணாம்பு அரைத்தார்கள். கட்டடம் எழுந்தது. தலைவரும் டில்லியில் மந்திரியானார்.

2. டாக்டர் வரவில்லை. மருந்தும் வரவில்லை. பலகை மட்டும் வந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்க் கமிட்டியார் அதை மதுரையில் எழுதி வாங்கி வந்தார்கள். ஒரு பக்கம் சிவப்புச் சிலுவைக் குறி, மறுபக்கம் தலைவரின் முகம், நடுவில் அவர் பெயரும் தர்ம ஆஸ்பத்திரி என்ற எழுத்தும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்த முகம் தெரியும். ஆகையால் மதுரைக்குப் போக வேண்டிய நோயாளி வண்டிகள் இங்கே திரும்பிவிடுகின்றன. நான் கடையை விட்டு ஓடிப்போய், டாக்டர் இல்லை, நேரே போங்கள் என்று சொல்லி அனுப்புவேன். வியாபாரத்தைவிட இதுவே எனக்கு வேலையாகிவிட்டது.

3. இதைக் கமிட்டியாரிடம் சொன்னேன். அவர்கள் கருணை கூர்ந்து, பலகையின் அடியில் ‘டாக்டர் விரைவில் வருவார்’ என்று எழுதினார்கள். அதுவரை படிக்கத் தெரியாதவர்கள்தான் ஏமாந்தார்கள். அதற்குப் பிறகு படித்தவர்களும் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

4. தலைவருக்குத் தெரிந்திருக்காது என்று வெகுகாலம் நம்பினேன். தெரிந்தால் விடுவாரா என்று என் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவருக்கே எழுதினேன். பதில் வந்தது. எல்லாவற்றையும் சர்க்காரிடம் எதிர்பார்ப்பது அடிமைக் காலத்துப் பழக்கம், ஜனங்கள் சுத்தமான தண்ணீரும் எளிய உணவும் கைக்கொண்டால் வைத்தியச் செலவே இராது என்று கண்டிருந்தது. கூடவே ஆஸ்பத்திரியில் மாட்டுவதற்காக அவர் கையெழுத்திட்ட படம் ஒன்றும் இருந்தது. கமிட்டியார் அதைக் கண்ணாடி போட்டு உள்ளே மாட்டினார்கள். இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் தங்கியிருப்பவர் அவர் ஒருவரே.

5. சென்ற ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஜும்ஆ தொழுகைக்குத் திருமங்கலம் போயிருந்தேன். மேட்டுக்கரை காசிமாயன் என்ற சம்சாரி, பிரசவத்தில் குழந்தை குறுக்கே நின்றுவிட்ட தன் மனைவி முத்துத்தாயை வண்டியில் கொண்டுவந்து பலகையைக் கண்டு நிறுத்தியிருக்கிறார். கதவு பூட்டியிருந்ததால், டாக்டர் சாப்பிடப் போயிருப்பார் என்று வேப்ப மரத்தடியில் காத்திருந்தார்கள். மதுரை பஸ் அவர்கள் கண் முன்னேயே போயிற்று. சாலையில் போன ஒருவர் ஏறச் சொல்லியும் காசிமாயன் ஏறவில்லை. ‘அம்புட்டுப் பெரிய மனுசன் பேரப் போட்டு வச்சிருக்காக, டாக்டர் வராமயா போயிருவாரு?’ என்றாராம். நான் திரும்பி வந்தபோது முத்துத்தாய் மரத்தடியிலேயே இறந்து கிடந்தாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. காசிமாயன் இன்றும் தலைவரைக் குறை சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

6. மறுநாள் நான் ஏணி வைத்து ஏறிப் பலகைமேல் ஒரு சாக்கைக் கட்டினேன். தலைவரை அவமதித்ததாகக் கமிட்டியார் போலீசில் எழுதிக் கொடுக்க, சாக்கு அவிழ்க்கப்பட்டது. இனிமேல் தொட்டால் கேஸ் என்றும் எச்சரிக்கப்பட்டேன். அவர்களில் ஒருவர், நான் எந்தத் தேசத்துக்குப் போயிருக்க வேண்டியவன் என்றும் நினைவூட்டினார். ஐயா, நான் கதர் உடுத்தித் தடியடி பட்டவன். இன்றும் கதர்தான் உடுத்துகிறேன். இந்த வயதில் யாரோடும் சண்டை போடத் தெம்பில்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, டாக்டர் வருகிறவரை அப்பலகையை இறக்கி வைக்க உத்தரவிட வேண்டும். தலைவரின் பெயருக்குக் குறைவு வருமென்றால் சத்திரத்திலோ, வாசகசாலையிலோ, என் கடை நெற்றியிலோகூட அதை மாட்டிக்கொள்ளட்டும். அங்கெல்லாம் அதை நம்பி யாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். கொடுத்த நிலத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. என் மனைவி மைதீன் பீவி கோஷாவில் இருப்பவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்நியர் முன் நின்றதில்லை. தலைவர் பேசியதைக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டாள். முத்துத்தாய் இறந்தது முதல், வெள்ளிக்கிழமைகளில் நான் தொழுகைக்குப் போனதும், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலில் நடுச்சாலையில் நிற்கிறாள். வருகிற வண்டிகளைக் கைகாட்டி மதுரைக்கு அனுப்புகிறாள். போக வேண்டாமென்று தடுத்தேன். ‘அப்ப நீங்க பலகைய இறக்குங்க’ என்றாள். இறக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை. தங்களிடம் இருக்கும் என்று எழுதுகிறேன்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

இடம்: சேந்தனேரி விலக்கு
தேதி: 12-10-1949

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
கா. முகம்மது கனி