கழற்றி மாட்டிய கதவு

அடியே,

இன்று காலை பள்ளிக்குள் நுழைந்ததுமே பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொண்ணு பாக்க வராங்கடி, மூஞ்சிக்குப் பவுடர் போடறாங்க பாரு" என்று சிரித்திருப்பாய். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிவிட்டது. ஆய்வு மட்டும் தவறாமல் வருகிறது. நம் அரசுப் பள்ளியில் வேறெதற்கும் பணம் இருக்காது. அதிகாரி வருகிறார் என்றால் மட்டும் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க எங்கிருந்தோ வந்துவிடும். வெட்கங்கெட்ட பணம்.

நாம் இருவரும் டீச்சர்களாக ஒன்றாகச் சேர்ந்த புதிதில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இரண்டு பேர் வெளியே துப்பட்டாவை விரித்துப் பிடிக்க வேண்டும். அதற்குக் கூசி, பாதிப் பேர் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்கமாட்டார்கள். அப்பன் சேதராப்பட்டு கம்பெனியிலும், அம்மா நாலு வீட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள். யாரிடம் போய்ச் சொல்லும்? நீதான் மனுமேல் மனு எழுதினாய். 'ஆய்வுக்குப் பின் நிதி ஒதுக்கப்படும்' என்று ஒரே பதில்.

ஆய்வுக்கு முந்தின நாள் தலைமையாசிரியை, நம் பெரிய டீச்சர், திருப்புளியை என் கையில் கொடுத்தார். "நம்ம டீச்சருங்க பாத்ரூம் கதவைக் கழட்டி அங்க மாட்டும்மா. வர்றவர் அசிங்கத்தையா பாக்கணும்?"

"அதைப் பாக்கத்தானே டீச்சர் அவர் வராரு! நம்ம வூட்டுக்கு விருந்துக்கா வராரு?" என்றாய் நீ.

எனக்கோ வேலை நிரந்தரமாகாத பயம். என் கையாலேயே மாட்டினேன்.

அந்தப் பெரிய மனிதர் வந்தார், வடை தின்றார், வராண்டாவில் நின்றபடியே எட்டிப் பார்த்து 'கழிப்பறை வசதி திருப்திகரம்' என்று எழுதினார். ஒரு கதவைத் தள்ளிப் பார்க்கக்கூடத் துப்பில்லாத அதிகாரம்! நிதி வேறு பள்ளிக்குப் போயிற்று. நமக்கு வந்தது ஒரு பெரிய டிவி. அதை வைத்த அறையில் செருகப் பிளக் பாயிண்டே இல்லை. மறுநாள் நானே கதவைக் கழற்றிப் பழைய இடத்தில் மாட்டினேன்.

அடுத்த மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நின்றுவிட்டாள். முதலியார்பேட்டையில் அவள் வீட்டுக்கு நாம் போனபோது அவள் அம்மா, "வயசுக்கு வந்த பொண்ணு டீச்சர். துணியைப் புடிச்சிக்கினு எத்தினி நாளு அனுப்பறது?" என்றாள். திரும்பும் வழியெல்லாம் நீ என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நடுவில் ஒரு தகரக் கதவு போட்டார்கள். அதுவும் துருப்பிடித்து விழுந்து எட்டு மாதமாகிறது. இப்போது நான்தான் பெரிய டீச்சர். நேற்று திருப்புளியை எடுத்து நம் கழிப்பறைக் கதவைக் கழற்றிப் பெண்பிள்ளைகளுக்கு மாட்டினேன். இளைய டீச்சர், "ஆய்வு முடிஞ்சதும் திருப்பி மாட்டிடலாமில்ல மேடம்?" என்றாள். முடியாது என்றேன்.

இன்று அதிகாரி வந்தார். காபி குடித்தார். சற்று நேரத்தில் நெளிந்தார். "பாத்ரூம் எங்கம்மா?"

"அதோ, டீச்சருங்களுது சார். கதவு இல்ல. வேணும்னா ரெண்டு பேர் துப்பட்டா புடிப்பாங்க. எங்க பொண்ணுங்க எட்டு மாசமா அப்படித்தான் போனாங்க."

முகம் சுண்டிப்போயிற்று. அவசரமாய் எழுதினார்: 'கழிப்பறைக் கதவு உடனடித் தேவை.' பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் முட்டினாலும் வராத 'உடனடி', தனக்கு முட்டியதும் வந்துவிட்டது பார். தூ!

புதுக் கதவு வருமோ வராதோ. அதுவரை நாங்கள் துப்பட்டா பிடித்துக்கொள்கிறோம். திருப்புளியை என் மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மத்தியானம் குழாயடியில் பெண்பிள்ளைகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். இனியாவது என்னோடு பேசுவாயா?