ஹன்னாவுக்கு ஒரு வாளி தண்ணி

செவ்வாய் இரவு, கிரெய்கிபர்ன்

முதியோர் இல்லத்திலை நான் பராமரிக்கிற ஹன்னா இண்டைக்கும் குளிக்க மாட்டன் எண்டு கத்தினா. சின்னனிலை, நாசிகள் யூதர்களை அடைச்ச வதைமுகாமிலை இருந்தவ. குளிக்க எண்டு சொல்லித்தான் தாயைக் கூட்டிக்கொண்டு போய், ஷவர் பூட்டின அறையிலை நச்சுவாயுவாலை கொலை செய்தவங்கள். ஷவரைக் கண்டால் அவ நடுங்காமல் என்ன செய்வா?

வாளியிலை சுடுதண்ணி பிடிச்சு, கோப்பையை அவவின்ரை கையிலை குடுத்தன். ஊரிலை நாங்கள் கிணத்தடியிலை குளிக்கிற மாதிரி, தன்ரை பாட்டிலை அள்ளி ஊத்தினா. ஒரு சத்தமில்லை.

சூப்பர்வைசர் கதவடியிலை வந்து நிண்டா.

"இங்கை ஷவர்தான் விதி. இனி வாளியைக் கண்டால் ரிப்போர்ட் எழுதுவன்."

"எழுதுங்கோ" எண்டன்.

என்ரை விசா தற்காலிகம்தான்; வேலை போனால் அதுவும் போகும். பயமில்லை எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனால் வேலை முடிஞ்சு வரேக்கை வாளியை ஒளிச்சு வைக்கேல்லை. ஷவருக்கு நேர கீழை, எல்லாருக்கும் தெரியத்தான் வைச்சிட்டு வந்தனான்.