அன்றைக்கு இருந்த எடை

மே 6, செவ்வாய்

மேற்கு வயலில் புல் அறுத்து முடிந்தது. காய மூன்று நாள் வெயில் வேண்டும். வானத்தைப் பார்த்தால் இரண்டு நாள்கூடத் தராது போலிருக்கிறது. புல் சுருட்டும் பேலரில் ஒரு பெல்ட் நைந்திருந்தது, மாற்றினேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

மச்சான் லோடரைக் கழுவிக்கொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி. நான்தான் இந்தப் பண்ணையில் சேர்த்துவிட்டேன், ஆறு வருஷம் ஆகிறது. நான் புல்லை உருளை உருளையாகச் சுருட்டிப் போட்டுக்கொண்டே போவேன், அவன் பின்னால் வந்து ஒவ்வொன்றாக லோடரில் தூக்கிக் கொட்டகையில் அடுக்குவான். "இந்த அக்கறைய ஒரு பொண்ணு மேல காட்டியிருந்தா இந்நேரம் கல்யாணம் ஆயிருக்கும்" என்றேன். "வண்டி திருப்பித் திட்டாது மாமா" என்றான்.

மே 8, வியாழன். மதியம், வண்டி நிழலில்

நாளைக் காலை மழையாம். முதலாளி இரண்டு முறை வந்துவிட்டார். "இன்னிக்கு முடிச்சே ஆகணும். நனைஞ்ச புல்ல மாடு மோந்துகூடப் பாக்காது." ஈரம் பார்க்கிற கம்பியைக் குத்திக் காட்டினேன். இருபத்தாறு. பதினெட்டைத் தாண்டினால் கட்டக் கூடாது. "கம்பிய உள்ள வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாலடி உருளையாகப் போட்டால் இன்று முடியாது. உருளையின் குறுக்களவை ஐந்தடிக்கு மாற்றினேன். இறுக்கத்தையும் கூட்டினேன். எண்ணிக்கை குறையும், சீக்கிரம் முடியும். இது என் யோசனை, முதலாளி சொன்னதில்லை.

முதல் ஐந்தடி உருளை விழுந்ததும் மச்சான் வந்து அதைத் தட்டிப் பார்த்தான். "பெருசா இருக்கே மாமா, வண்டி தாங்குமா?" ஓரடிதானே கூட, தாங்கும் என்றேன். நாலடி உருளை இருநூற்றைம்பது கிலோ. கால்பங்கு சேர்த்தாலும் முந்நூற்றுச் சொச்சம். லோடர் நானூறு வரை தாங்கும்.

மே 11, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வியாழன் சாயங்காலம் ஐந்து மணி. நான் கடைசி வரிசையில் இருந்தேன். மச்சான் கொட்டகையில் மூன்றாவது அடுக்குக்கு உருளையைத் தூக்கியிருக்கிறான். ஆள் உயரத்துக்கு மேல் போனதும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் குப்புறக் கிடந்தான், இடுப்பின்மேல் உருளை. நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. பால் கறக்கிறவர் இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்த பிறகுதான்.

அவன் கத்தவே இல்லை. ஏன் கத்தவில்லை?

மே 12, திங்கள்

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

மே 15, வியாழன்

டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது. "பழகிக்கணும்" என்றார். என் மனைவி தலையாட்டினாள், ஏதோ மருந்துச் சீட்டைப் பற்றிச் சொன்னதுபோல. வராந்தாவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். வைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மே 19, திங்கள்

முதலாளி வீட்டுக்கு வந்தார். மனைவி மருத்துவமனையில் இருந்தாள். காப்பி வேண்டாம் என்றார், நின்றுகொண்டே பேசினார். "விசாரணைக்கு ஆள் வருவாங்க. ஈரம் பதினஞ்சுன்னு சொல்லு. அதுக்குமேல எதுவும் நீயா பேசாத. எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் என்றால் யாருக்கு?

மே 29, வியாழன்

விசாரணை அதிகாரி ஒரு பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதிகம் பேசவில்லை. விபத்தன்று கட்டிய உருளைகளில் ஒன்றை எடைமேடைக்கு அனுப்பச் சொன்னார். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. முதலாளி முகம் தெளிந்தது. "பாத்தீங்களா? வண்டி நானூறு தாங்கும். ஓட்டுனவன்தான் ஏதோ தப்பா ஓட்டியிருக்கான்."

அதிகாரி உருளைக்குள் முழங்கை வரை கையைவிட்டு ஒரு பிடி புல்லை உருவினார். பழுப்பாக, வெந்ததுபோல இருந்தது, சூடும் ஆறவில்லை. "இது மூணு வாரம் கழிச்சு இருக்கிற எடை. உள்ளுக்குள்ள வெந்து, தண்ணி ஆவியாப் போயிருக்கு. அன்னிக்கு என்ன எடை இருந்துச்சுங்கிறதுதான் எனக்கு வேணும். கட்டும்போது ஈரம் எவ்வளவு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பதினஞ்சு" என்றேன்.

"நாலடியில இருந்து அஞ்சடி ஆனா எடை எவ்வளவு கூடும்னு தெரியுமா உங்களுக்கு?"

"கால்பங்கு."

"பாதிக்கும் மேல" என்றார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். நாநாலு பதினாறு, ஐயஞ்சு இருபத்தஞ்சு. உருளை வட்டமாகத்தானே வளர்கிறது. இருபது வருஷமாக இதே வேலை, இது தெரியவில்லை எனக்கு. இருநூற்றைம்பது முந்நூற்றுத் தொண்ணூறு ஆகிறது. அதன்மேல் ஈரம், அதன்மேல் நான் கூட்டிய இறுக்கம். நானூற்றெண்பதுக்குக் குறைந்திருக்காது.

தாங்குமா என்று கேட்டானே.

ஜூன் 3, செவ்வாய்

மச்சான் காதுக்கும் போய்விட்டது, ஓட்டியவன் தப்பு என்று. யாரோ பார்க்க வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தலையணையைச் சரிசெய்ய நான் குனிந்தபோது கையைப் பிடித்தான்.

"அவசரப்பட்டுட்டேன் போல மாமா. அன்னிக்குக் காலைல சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

"இல்லப்பா."

"உங்க பேர்ல சேந்த வேலை. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பாவி. நீயெல்லாம் மனுஷனாடா.

ஜூன் 4, புதன்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வண்டி தாங்குமான்னு அவன் உங்ககிட்ட கேட்டானா?"

"கேட்டான்."

அடுப்பை அணைத்தாள். கை கழுவினாள். உள்ளே போய்ப் பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள். அவன் தனிக்கட்டை, இனிமேல் அவன் வீட்டில் யாராவது கூட இருந்துதானே ஆக வேண்டும், அதற்காகத்தான் போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நறுக்கிய வெங்காயம் அப்படியே கிடந்தது. திட்டியிருக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். மே எட்டாம் தேதிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இது வெளிய வந்தா உங்க மேலயும் வரும். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"போன வாரம் ஏன் பதினஞ்சுன்னு சொன்னீங்க?"

முதலாளி அப்படிச் சொல்லச் சொன்னார், எனக்கும் பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பக்கத்தை நகல் எடுத்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார்.

ஜூன் 9, திங்கள்

பண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த என் செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் பால் கறக்கிறவர் கொண்டுவந்து கொடுத்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

அறிக்கை வந்தது. அன்றைய எடை நானூற்று எழுபதிலிருந்து ஐந்நூறுக்குள் இருந்திருக்கும், ஓட்டுநர்மேல் தவறில்லை, ஈரத்தோடு கட்டவைத்ததும், மறைக்கச் சொன்னதும் முதலாளி, அளவைக் கூட்டியதும், தாங்கும் என்று சொன்னதும் நான். முதலாளிமேல் வழக்கு. எனக்கும் சம்மன் வரும்.

எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்தாள், வழிவிட்டாள். 'ஓட்டுநர்மேல் தவறில்லை' என்ற வரியைச் சத்தமாகப் படித்தேன். அதோடு நிறுத்தினேன். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மீதியை அவனே படித்தான். மடித்தான். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜூலை 30, புதன்

இரண்டு முறை போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முந்தாநாள் மனைவி ஃபோன் செய்தாள். "அவனுக்கு முதுகுல புண்ணு வந்திருச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் புரட்டணுமாம். என் ஒருத்தியால முடியல." வா என்று சொல்லவில்லை. உடனே கிளம்பினேன்.

மூன்று நாளாக இங்கே கூடத்தில்தான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிடுகிறாள். மச்சான் என்னைப் பார்ப்பதில்லை. நேரமானதும் நான் தோள்பக்கம் போகிறேன், அவள் கால்பக்கம் நிற்கிறாள். படுக்கைவிரிப்பை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கிறோம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்கிறாள்.

இன்று மூன்றாவது முறை புரட்டும்போது அவனும் கூடச் சேர்ந்து எண்ணினான்.