மூணாவது பிளக்

முட்டை அட்டையில் பெட்ரோல் வாசம் இத்தனை வருஷம் தங்கும் என்று எனக்குத் தெரியாது, மாப்ள.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையிலேயே உன் மனைவி ஸ்டெல்லா சூரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, திருச்செங்கோட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டைப்பை. "அண்ணா, இது அவரோடதுங்க. வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்" என்று மேஜை மேல் வைத்தாள். நாமக்கல் முட்டை வருகிற அதே அட்டைதான். குழிக்கு ஒன்றாக, முட்டைக்குப் பதில் பழைய ஸ்பார்க் பிளக்குகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை டேப். எந்த ஓட்டம், எத்தனாவது சிலிண்டர் என்று என் கையெழுத்து. ஒன்று மட்டும் ஓரக் குழியில் துணி சுற்றி இருந்தது. டீ சொல்லுகிற சாக்கில் வெளியே போய், ரிப்பேருக்கு நின்ற போர்வெல் ரிக் லாரிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போதெல்லாம் நமக்கு அந்தக் காரைத் தவிர வேறு நினைப்பு ஏது? ரேஸுக்கென்று நாம் தேற்றின பழைய பெட்ரோல் கார், டிக்கியில் நைட்ரஸ் கேஸ் சிலிண்டர். பட்டனை அழுத்தினால் அந்த கேஸ் எஞ்சினுக்குள் பாயும், கூடவே பெட்ரோலும் அதிகமாகப் பாயும், சில நொடிக்கு வண்டி பேய் பிடித்த மாதிரி ஓடும். பெட்ரோல் கொஞ்சம் குறைந்தாலும், பொறி கொஞ்சம் முந்தினாலும் பிஸ்டன் உருகிவிடும். உள்ளே என்ன நடந்தது என்று நமக்குச் சொல்ல இருந்தது இந்தக் கட்டைவிரல் அளவு பிளக்தான். ஓட்டத்துக்கு ஓட்டம் புதுசு மாட்டுவோம். முடிவுக் கோட்டைத் தாண்டினதும், ஆக்ஸிலேட்டரை மிதித்த காலை எடுக்காமலே நீ எஞ்சினை அணைப்பாய். வண்டி தானாக உருண்டு வந்து நிற்கும். "மெதுவா ஓட்டிட்டு வந்தா கரி படிஞ்சு பிளக் பொய் சொல்லும்டா" என்பாய். நான் கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். பீங்கானின் அடியில் கரி வளையம், வளைந்த கம்பியில் சூட்டு நிறம் எதுவரை வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வெள்ளைப் பீங்கானில் வெள்ளிப் பொடி மாதிரிப் புள்ளி ஏதாவது இருக்கிறதா. இருந்தால் பிஸ்டன் கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

பார்க்கிற வேலையை நீ என்னிடம் விட்டதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாய். "ஓட்டுறவனுக்கு ஆசை இருக்கும், கண்ணு ஏமாத்திரும். பார்க்கிறவனுக்கு ஆசை இருக்கக் கூடாது." அதனால் நீ பிளக்கைத் தொடவே மாட்டாய். பார்த்து முடிக்கிறவரை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ் ஞாபகம் இருக்கிறதா? என்ன கேள்வி கேட்கிறேன் பார். பெங்களூரில் ரேஸ் வண்டி வைத்து நடத்துகிற ஒருவர் வந்து, "மத்தியானம் கேஸைக் கூட்டி ஒரு ஓட்டம் காட்டுங்க. பிடிச்சிருந்தா அடுத்த மாசமே எங்கிட்ட வந்துடலாம்" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நீ என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாய். "மாப்ள, ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்பறேன்டா!" நானும் பல்லை இளித்தேன். என் அப்பா பட்டறைச் சாவியை என் கையில் திணித்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிடிச்சிருக்கா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வாரம் ஆறு நாள் போர்வெல் கம்ப்ரசர், டீசல் கசடு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு, அது நீயும் இந்தக் காரும். அதுவும் போய்விடப் போகிறது என்றதும் அவ்வளவு பயம்.

காலை ஓட்டம் முடிந்து நீ உருண்டு வந்து நின்றாய். நாலு பிளக்கையும் கழற்றினேன். மூணாவதைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தேன். பீங்கான் பால் மாதிரி இருந்தது. கம்பியில் நிறம் நடு வளைவில் கச்சிதமாக நின்றது. அவ்வளவு நல்ல பிளக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"புள்ளி விழுந்திருக்குடா" என்றேன்.

"மூணாவதுலயா?"

"ஆமா. நாலஞ்சு."

நீ என் முகத்தையே பார்த்தாய். அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றி பானட் மேல் வைத்து, "அப்ப வேண்டாம்" என்றாய். பிளக்கைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், சத்தியமாக. படுபாவி நான், அதைத் தூக்கி எறியவாவது செய்தேனா? பழகின கை, டேப் ஒட்டி, எண் எழுதி, பத்திரமாக அட்டையில் வைத்துவிட்டது. அட்டை வழக்கம்போல உன் வீட்டுக்குப் போனது.

அடுத்த வாரம் எஞ்சினைப் பிரித்தோம். மூணாவது பிஸ்டன் தலையில் நீ விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தாய். "நல்ல நேரத்துல நிறுத்திட்ட" என்றாய். பெங்களூர்க்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். கார் விலைக்குப் போனது, உனக்குக் கல்யாணம் ஆனது, நீ என் பட்டறைக்கே கம்ப்ரசர் வேலைக்கு வந்தாய். பன்னிரண்டு வருஷம், காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நான் அடைபட்டுக் கிடந்த இடத்துக்குள் உன்னையும் இழுத்துப் போட்டு ஷட்டரை இறக்கிவிட்டேன்.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் செய்த தப்பையெல்லாம் ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு வந்து என்னைச் சீண்டுவாய். "எங்களுக்கு ஃபாதர் இருக்கார். உனக்கு யாருடா இருக்கா? ஏதாச்சும் சொல்லணும்னா எங்கிட்ட சொல்லு." "போடா, வேலையப் பாரு" என்பேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டாய், ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னேன். போன மாசம் கம்ப்ரசர் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை.

டீ வந்தது. நான் உள்ளே போனபோது ஸ்டெல்லா அந்தத் துணியைப் பிரித்து வைத்திருந்தாள். "இது எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணா."

பூதக்கண்ணாடி டிராயரில்தான் இருந்தது. முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அப்புறம் தெரிந்தது.

"சுத்தமா இருக்குது அம்மணி. அன்னிக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "தெரியுங்கண்ணா. ஊர் வந்து சேர்ந்ததுமே எடுத்துப் பார்த்துட்டாராம்."

"அப்புறம் ஏன் பெங்களூர் போகலை?"

"நானும் கேட்டேன். 'பிளக் நல்லாத்தான் இருந்துச்சு, அவன் மூஞ்சிதான் நல்லா இல்லை'ன்னார். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தார்."

என்ன மனுஷன்டா நீ! ஒரு அறை விட்டிருக்கலாம், நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருக்கலாம். நானும் அழுது தீர்த்துவிட்டு வெளியே வந்திருப்பேன். மன்னித்து, மன்னித்ததையும் சொல்லாமல் போய்விட்டாயே, இனி நான் யார் கிட்டப் போய் மன்னிப்புக் கேட்பேன்?

ஸ்டெல்லா அட்டையை என்னிடமே விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மூணாவது பிளக்கைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். கம்ப்ரசருக்குக் குனியும்போதெல்லாம் குத்துகிறது. எடுக்க மனசில்லை. உன் பஸ் வருகிற நேரத்துக்கு இன்னமும் வாசலைப் பார்க்கிறேன்.

புள்ளி எதுவும் இல்லை, மாப்ள. ஹெல்மெட்டை மாட்டு. நீ ஓட்டலாம்.