ராக்கப்பன் பீடி குடிக்கவில்லை

மீனாட்சிபுரம்,
28-1-1977

அன்புள்ள மகள் பூமாரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வார்த்தையை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். குழந்தைக்கு நீ பின்னிய கம்பளிச் சட்டையைப் பற்றி எழுதியிருந்தாய், அம்மா அதை நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. செவலைப் பசு போன வாரம் கன்று போட்டது, கிடாரிக் கன்று, சந்தோசப்பட வேண்டிய சங்கதிதான், வீட்டில் யாரும் படவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பட்டறை ராக்கப்பன் மாட்டுப் பொங்கலன்று இறந்துபோனான். நீ காலேஜுக்குப் போகையில் ரோட்டில் நின்று சித்தூர் பஸ்ஸை உனக்காகக் கைகாட்டி நிறுத்தி வைப்பானே, அவன்தான். தந்தி கொடுக்கவில்லை என்று கோபப்படாதே, தந்தியில் என்னவென்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதிமூன்று நாளாக எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

நீ இங்கிலீசில் அப்ளிகேசன் எழுதிக் கொடுத்து சர்க்கார் அனுமதித்த அந்தப் பரிசோதனை உனக்குத் தெரியும். சாணிக் கேஸுக்கு இரும்பு டிரம் துருப்பிடிக்கிறது, ஏழைக் குடியானவனுக்குக் கட்டுபடியாகாது, அதற்குப் பதில் மூங்கில் பின்னிச் சிமெண்ட் பூசிய டிரம் தாங்குமா என்று நம் பட்டறையில் செய்து பார்த்துச் சொல்ல வேண்டும், சரிவந்தால் தாலுகா முழுக்க அதையே போடுவார்கள். மூங்கிலைப் பின்னியது ராக்கப்பன். அவனைப்போல நெருக்கிப் பின்ன எனக்கு வராது. மார்கழி முழுக்க, கேஸ் சேரச் சேர டிரம் எத்தனை அங்குலம் எழும்புகிறது என்று தினமும் சர்க்கார் நோட்டில் எழுதினோம். சாணியில் அடுப்பெரிக்கப் போகிறானாம் என்று சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாம் என்னைக் கேலி பண்ணினார்கள். அது எனக்கு உள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

டிரம் சரியாகப் பொங்கல் அன்றைக்குத்தான் முழுசாக எழுந்தது. நீ மார்கழியிலேயே எழுதியிருந்தாய், முதல் தடவை டிரம்மில் நிரம்பும் கேஸில் காற்றுக் கலந்திருக்கும், அதை அப்படியே வெளியில் திறந்து விட்டுவிடுங்கள், பக்கத்தில் நெருப்பே கொண்டு போகாதீர்கள், இரண்டாவது தடவை நிரம்புவதைத்தான் பற்ற வைக்க வேண்டும் என்று. நான் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். ஆனால் நாற்பது நாள் காத்திருந்து வந்ததை வெறுமனே ஆகாசத்தில் விடவா என்று எனக்கு மனசு வரவில்லை. அடுத்த நாள் மாட்டுக்குப் பட்டிப் பொங்கல். கொட்டத்தில் மாடுகளுக்குப் பூசை முடிந்தது, ஊரில் பாதிப் பேர் நின்றார்கள், கற்பூரத் தட்டு என் கையில் இருந்தது. மாடு கொடுத்ததுதானே இதுவும், இதற்கும் காட்டிவிடுவோம் என்று தட்டோடு பக்கத்தில் இருந்த டிரம்மிடம் போனேன். ராக்கப்பன் குழாய்ப் பக்கம் நின்றான். ஏனுங்ணா, பாப்பா மொதோ டிரம்ம விட்டுரச் சொல்லுச்சுங்களே என்று அவன் கேட்டான். பேசாம தொறடா, ஊரே பாக்குது என்று நான்தான் சொன்னேன். அவன் திறந்தான், நான் கற்பூரத்தைக் காட்டினேன். குழாய்க்குள் நெருப்பு ஓடியது தெரிந்தது, அவ்வளவுதான். டிரம் வெடித்துச் சிமெண்டுப் பாளம் அவன் நெஞ்சில் அடித்தது. சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே வண்டியிலேயே உயிர் போய்விட்டது. எனக்குப் புருவம் கருகியது, வேறொன்றும் இல்லை.

மறுநாள், நமக்கு அனுமதி கொடுத்த ஆப்பீசர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், அவரும் பயந்துதான் போயிருந்தார். பரிசோதனை நடத்தியவர் தப்பு என்று மேலே போனால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள், இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், வேலையாள் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தான் என்று ரிப்போர்ட் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், செத்தவனுக்கு இனி என்ன என்றார். நான் போட்டேன். அவர் நீட்டிய பேனாவாலேயே போட்டேன் பூமாரி. கற்பூரத்தைப் பார்த்த ஊர்க்காரர்களும் பூசைமேல் பழி வரக்கூடாது என்று வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

ராக்கப்பன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தான் என்பதை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. மார்கழி ஒண்ணாந்தேதியிலிருந்து அவன் பீடியைத் தொடவில்லை, கூடவே நின்று வேலை செய்த எனக்குத் தெரியும். ரிப்போர்ட்டு சங்கதி வெளியே கசிந்ததும் ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது, மாலை போட்டுக்கொண்டு பீடி குடித்தான், முருகன் பொறுப்பானா என்று. டிரம்முக்கு வாங்கிய மூங்கிலில் மிஞ்சியதை இழைத்து அவனே கட்டிய காவடி பிள்ளையார் கோயிலில் மற்றக் காவடிகளோடு இருந்தது. சாவு விழுந்த வீடானாலும் கோயிலில் வைத்த காவடியை வேறு ஆள் சுமந்துபோய்ச் சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் பழனிக்குக் கூட்டத்தைக் கூட்டிப் போகும் குப்பண்ணன், விரதம் கெட்டவன் காவடி மலை ஏறாது என்று அதை எடுத்து வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். போகிறவன் வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை ராக்கப்பன் பெண்சாதி மருதாத்தாள் பட்டறைக்கு வந்தாள். அன்றைக்குப் பூசைக்கு அவள் வந்திருக்கவில்லை. திட்ட வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கையைக் கூப்பிக்கொண்டு, எம்பட மனுசனாலதானுங்ணா உங்க டிரம்மு போச்சு, மன்னிச்சுக்கங்க, குப்பண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி அந்தக் காவடிய மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, இல்லாட்டி அந்தப் பாவம் எங்கொழந்தைங்க மேல நிக்கும் என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் பட்டறைக் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கற்பூரத்தை, உன் கடிதத்தை, கையெழுத்தை. என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கேட்டது ஒன்றுதான், அப்படீன்னா அவரு வெரதம் கெடலீங்களா என்று. இல்லை ஆத்தா என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கோயிலில் கூட்டத்துக்கு முன்னால் அதையே சொன்னேன். குப்பண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காவடியை மட்டும் தூக்கி உள்ளே வைத்தார். அங்கிருந்து நேரே ஆப்பீசுக்குப் போனேன். ஆப்பீசர், துக்கத்தில் என்னவோ பேசுகிறீர்கள், ரிப்போர்ட் மேலே போய்விட்டது, எழுத்தில் ஆதாரம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். உன் கடிதத்தை எடுக்க வீட்டுக்கு வந்தால் அது இல்லை. அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். உங்களை ஜெயிலில் போட்டால் நான் யார் வாசலில் போய் நிற்பேன் என்று அழுகிறாள், அவளை என்ன சொல்ல. ஊர்க்காரர்கள் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள்.

ஆகையால் உன்னிடம் கேட்கிறேன். உன் கடிதத்துக்கு நான் ஒரு கார்டு போட்டேனே, சரி, முதல் டிரம்மை நெருப்பில்லாமல் வெளியில் விட்டுவிடுகிறேன், கவலைப்படாதே என்று. என் கைப்பட எழுதியது, தபால் முத்திரைத் தேதியோடு இருக்கும். நீ பழைய கடிதங்களைக் கிழிக்கிறவள் இல்லை. அம்மா உனக்குத் தனியாக எழுதப்போகிறாள், அந்தக் கார்டைக் கிழித்துப் போடு என்று எழுதுவாள், அவள்மேல் கோபப்படாதே, ஆனால் கேட்காதே. மாப்பிள்ளைக்கு இதனால் ஆப்பீசில் தலைகுனிவு வரும் என்றால் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். நீ புறப்பட்டு வர வேண்டாம், குழந்தையை இந்தக் குளிரில் ரயிலில் அலைக்காதே. ஸ்டவ்வைப் பார்த்துப் பற்ற வை. முருகன் உங்கள் மூன்று பேரையும் நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும்.

கார்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. பட்டறை விலாசத்துக்கு அனுப்பு, வீட்டுக்கு வேண்டாம். நீ என் மகள், உனக்குக் கை வராது என்று தெரியும். அனுப்பம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
பிச்சைமணி