வடிகட்டியில் சேரும் பஞ்சு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு ஓரளவு சொன்னபடி கேட்கிறது. அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் இல்லாதிருக்க வேண்டும். அம்மாவின் வயிற்றுத் தையல் ஆறிவிட்டது, பாதி இட்டிலிக்கு மேல் இறங்காமல் இருந்தவள் இப்போது என் சமையலில் உப்புக் குறை சொல்லும் அளவுக்குத் தேறியிருக்கிறாள். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போனில் பேசியிருக்கலாம், நீ குரலை உயர்த்தினால் நான் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவேன் என்பது உனக்கே தெரியும், அதனால் எழுதுகிறேன். எல்லா வேலையையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் குடியிருப்பு, அங்கே காசுக்கே இடமில்லை, இந்த மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு குடியேறப் போகிறேன் என்கிறாய். பாடநூல் அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவன் நான், பழக்கதோஷத்தில் பென்சிலோடுதான் படித்தேன். இயந்திரம் விதைக்கும், சமைக்கும், துவைக்கும், கூட்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. யார் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. நான்தான் கவனிக்காமல் விட்டேனோ என்று மறுபடி தேடினேன், இல்லை.

உன் சொர்க்கத்தின் சின்ன மாதிரி ஒன்று எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலேயே நடக்கிறது, உனக்குச் சொல்லவில்லை. பொதுத் துணி துவைக்கும் இயந்திரத்தில் காசு போடும் பெட்டியைச் சங்கத்தில் கழற்றிவிட்டார்கள். செயலாளர் உன்னைப் போலத்தான் பேசினார், "மிஷின் பாட்டுக்கு ஓடப்போகுது, அதுக்கு எதுக்குங்க காசு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சண்டை வராமலிருக்க சங்கத்தின் பெயர் எழுதிய துணிக் கிளிப்பு வீட்டுக்கு வாரம் இரண்டு கொடுத்தார்கள், இயந்திரத்தில் ஒரு கிளிப்பை மாட்டினால் ஒரு தடவை துவைக்கலாம். அவ்வளவுதான், மாதம் திரும்புவதற்குள் கிளிப்பே காசாகிவிட்டது. ஞாயிறு காலை முறைக்கு இரண்டு கிளிப்பு என்று விலை ஏறியது. குழாய் ரிப்பேர்காரர் கூலியைக் கிளிப்பாகக் கேட்டார். தனிக்கட்டையான பல் டாக்டர் ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்துக்கொண்டு வட்டிக்கு விடாத குறையாக நடமாடினார். அம்மா ஆபரேஷன் முடிந்து வந்த வாரம், தினமும் படுக்கை விரிப்பு நனைகிறதே என்று அவரிடம்தான் போய்த் தயங்கித் தயங்கி நின்றேன். "சார், இன்னிக்கு ஒண்ணு வாங்கினா அடுத்த வாரம் ரெண்டு. எல்லாருக்கும் அதான் ரேட்டு, உங்களுக்குக் குறைச்சா நாளைக்கு என்னை எல்லாரும் பிச்சுப் பிடுங்கிடுவாங்க" என்றார். காசை ஒழித்த கட்டடத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை இது.

அன்று மாலை மேல்வீட்டு நர்ஸ் பெண் தன் இரண்டு கிளிப்பையும் எங்கள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "அம்மாவுக்குப் போடுங்கப்பா, என்கிட்ட கணக்குப் பார்க்க வந்துட்டீங்களா" என்று விரட்டியது. அந்த வாரம் முழுக்க மேலே குளியலறையில் சீருடையைக் கையால் கும்மும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உன் குடியிருப்புக் கூட்டத்துப் பெரியவர்கள் வாய் கிழியப் பேசும் காசில்லாத உலகத்தை நான் கண்டது அந்தச் சத்தத்தில் மட்டும்தான், அதில் இயந்திரத்துக்கு ஒரு பங்கும் இல்லை.

இன்னொன்று. அந்த இயந்திரத்தின் வடிகட்டியில் ஈரப் பஞ்சு அடைத்துக்கொள்ளும், எடுக்காவிட்டால் நின்றுவிடும். ஒருவரும் எடுப்பதில்லை. காலையில் நான் இறங்கிப் போய் எடுக்கிறேன், யாரையும் எடுக்கச் சொல்லத் தைரியமில்லாததால். போன கூட்டத்தில் செயலாளர், "பாருங்க, ஒரு ஆளும் வேணாம், தானா ஓடுது" என்று பெருமையடித்தார். நகக்கண்ணில் பஞ்சோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

நான் பழைய ஆள், தப்பாகவும் இருக்கலாம், நாளைக்கு உன் இயந்திரங்கள் என் வாயை அடைக்கலாம். ஆனாலும் ராஜினாமா கொடுக்கும் முன் அவர்களிடம் பஞ்சு எடுப்பது யார் என்று மட்டும் கேள். முறை வைத்து ஆள் பெயர் சொன்னால் தாராளமாகப் போ, நான் தடுக்கவில்லை. தானாக நடக்கும் என்றால், ஏதோ ஒரு மூலையில் யாரோ வாய் திறக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள். நீ அங்கே போனால் அந்த ஆள் நீயாகத்தான் இருப்பாய், அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாய் என்று அம்மா சொல்வது பொய்யில்லை.

குழந்தைக்கு எங்கள் முத்தம். மூவரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க எங்கள் ஆசி. கேட்ட பிறகு அவர்கள் சொன்ன பதிலை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுது, பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி கீழ்த்தளத்துக்கு இறங்கும்
அப்பா