நானூறு வாட் போதும்

மார்ச் 3, செவ்வாய்
காலை 6.40
பாகங்கள்: ஏழு

அம்மாவுக்கு,

உன் கணினிக்கு ஏழு பாகம்தான். எட்டாவதாக எதையாவது கடைக்காரர் உன் தலையில் கட்டப் பார்த்தால் அப்படியே வெளியே வந்துவிடு. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுது என்றாய். எழுதுகிறேன்.

ப்ராசஸர் ஆறு கோர், திரையில் படம் காட்டும் வசதி அதற்குள்ளேயே இருக்கிற வகை. மாடல் எண்ணைத் தனியாக இணைத்திருக்கிறேன். கடைசி எழுத்து மாறினால்கூட அது வேறு ப்ராசஸர்; திரை கறுப்பாகவே இருக்கும், அப்பா என்னைத் திட்டுவார். மதர்போர்டு நடுத்தரமானது. ராம் எட்டு ஜிபி வீதம் இரண்டு. பக்கத்துப் பக்கத்தில் செருகாதே, ஓர் இடம் விட்டுச் செருகு. எல்லாவற்றையும் சேமித்து வைக்க எஸ்எஸ்டி ஒன்று. ப்ராசஸர்மேல் உட்காரும் கூலர், அடியில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரித்த பிறகு. பவர் சப்ளை நானூறு வாட். கேபினட் முன்பக்கம் வலை போட்டது. கண்ணாடியும் கலர் விளக்கும் வேண்டாம். அது கணினி, சர்க்கஸ் கூடாரம் இல்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டு ஏன் இல்லை என்று கேட்டாய். டிரைவிங் ஸ்கூலில் நீ பாடம் நடத்துகிற வீடியோவை வெட்டி ஒட்ட அது தேவையில்லை. “கேமும் ஓடுமா?” என்று வேறு கேட்டிருந்தாய். வீட்டில் இருப்பது நீயும் அப்பாவும். இரண்டு பேரில் யார் ஆடப் போகிறீர்கள்?

நானூறு வாட் போதும். பட்டியலை மாற்றாதே.

இப்படிக்கு,
உன் மகன்

&nbsp;

மார்ச் 19

என் அவசரக்காரனுக்கு,

அம்மா எழுதுவது. நலம். நீ நலமா என்று கேட்டால் “அதை விடு, விஷயத்துக்கு வா” என்பாய், எனவே விஷயத்துக்கே வருகிறேன்.

பெட்டி தயார். உன் அப்பா டார்ச் பிடித்தார். எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே தவிர மற்ற எல்லா இடத்திலும் அடித்தார். ஒரு திருகு உள்ளே விழுந்து, பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துக் குலுக்கி எடுத்தோம். முதல் தடவை பட்டனை அழுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்க ஸ்விட்ச்சைப் போடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக “முதலில் சாவியைத் திருப்புங்கள்” என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அப்பா சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

ஒரு குறை. கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. ஏன் கண்ணா?

சாப்பாட்டு வேளைக்குச் சாப்பிடு. எழுதுகிற எழுத்திலேயே பசி தெரிகிறது.

அம்மா

&nbsp;

மார்ச் 22

அம்மாவுக்கு,

“கொஞ்ச நேரம்” என்பது அளவு இல்லை. எத்தனை நிமிடம்? அணைகிறதா, அணைந்து தானாக மறுபடி எழுகிறதா? என்ன செய்துகொண்டிருக்கும்போது? கூலரின் தாளை உரித்தாயா? பக்கக் கதவைக் கழற்றி உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்பு. அப்பாவை டார்ச் பிடிக்க விடாதே.

மகன்

&nbsp;

மார்ச் 25

என் கண்ணுக்கு,

படம் இணைத்திருக்கிறேன். தாளை உரித்துவிட்டேன். வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போது பன்னிரண்டு நிமிடத்தில் அணைகிறது. வேறு ஒன்று செய்யும்போது ஐந்து நிமிடத்தில்.

படத்தைப் பார்த்ததும் கத்தாதே. தண்ணீர் குடித்துவிட்டு எழுது.

அம்மா

&nbsp;

மார்ச் 26

அம்மா,

தண்ணீர் குடித்தேன். கோபம் அப்படியே இருக்கிறது.

பெட்டிக்குள் செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, மூன்று விசிறி வைத்த கறுப்புக் கட்டை, அது என்ன? நான் ஏழு சொன்னேன். அது எட்டு.

அந்த கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் இருநூற்றைம்பது வாட் இழுக்கும். வேலை முற்றும்போது அதற்கும் மேலே துள்ளும். நான் சொன்ன பவர் சப்ளை, கார்டே இல்லாத பெட்டிக்குச் சொன்னது. தாங்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. அது கோளாறு இல்லை, வீட்டில் புத்தியோடு நடந்துகொள்கிற ஒரே பொருள் அதுதான். அந்தக் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தனி வயர் வேண்டும். என் பவர் சப்ளையில் அது கிடையாது. அதனால் யாரோ ஒரு மேதாவி, ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற மெல்லிய வயரில் ஓர் இணைப்பைச் செருகி இழுத்திருக்கிறான். அந்த வயர் உருகும். உருகினால் தீப்பிடிக்கும். வீட்டைக் கொளுத்திக்கொள்ளத்தான் என்னிடம் பட்டியல் கேட்டாயா?

எனக்கு மூன்று பதில் வேண்டும். கார்டைக் கொடுத்தது யார்? வயரைச் செருகியது யார்? அந்த “வேறு ஒன்று” என்ன?

மகன்

&nbsp;

மார்ச் 28

என் அவசரக்காரனுக்கு,

வரிசையாகச் சொல்கிறேன்.

கார்டு ஒரு பல் டாக்டருடையது. என்னிடம் வண்டி கற்றுக்கொண்டவர். புதிதாக ஒன்று வாங்கினார், பழையதை எனக்குக் கொடுத்தார். அந்த மேதாவி நான்தான். துளையில் பொருந்தியது, செருகினேன். இப்போது பிடுங்கிவிட்டேன், பயப்படாதே.

வேறு ஒன்று: லாரி ஓட்டுகிற கேம். ஆமாம், நான்தான் ஆடுகிறேன். ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் வாங்கி மேஜையில் பொருத்தியிருக்கிறேன். கிளட்ச் என்றாலே பயப்படுகிறவர்கள் எத்தனை பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள் தெரியுமா? அவர்களுக்காகத்தான். கேமில் இடித்தால் யாருக்கும் அடிபடாது. நான் ஓட்டிக்கொண்டே பேசுவேன், அதை வெட்டி ஒட்டி வாரம் ஒன்று இணையத்தில் போடுகிறேன்; ஒரு வருஷமாக டிரைவிங் ஸ்கூலின் பழைய கணினியில் தட்டுத்தடுமாறிச் செய்தேன், அதற்குத்தான் இந்தப் பெட்டி. முதலில் அப்பாவும் பல் டாக்டரும் மட்டும் பார்த்தார்கள். இப்போது நாற்பதாயிரம் பேர். மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்ற ஒருத்தி போன வாரம் தேறிவிட்டாள் என்று எழுதியிருந்தாள். அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருப்பேன். “கேமும் ஓடுமா?” என்று கேட்டதே அதைச் சொல்லத்தான். நீ சிரித்துவிட்டாய்.

இப்போது சொல். எந்தப் பவர் சப்ளை?

அம்மா

&nbsp;

ஏப்ரல் 6

அம்மா,

எந்தப் பவர் சப்ளை என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

நேற்று நான் வேலை பார்க்கிற பம்பிங் ஸ்டேஷனில் மதியச் சாப்பாட்டு நேரம். கண்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு அறையில் எட்டுப் பேர் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். உள்ளே உன் குரல். “என் பையன் இன்ஜினியர். ஊருக்கே தண்ணி அனுப்புறான். ஒரு கிளட்சை விடத் தெரியாது. மூணாவது டெஸ்ட்டுக்கு முந்தின நாள் நாலு ரோடு கூடுற இடத்துல வண்டி நின்னுபோச்சு. பின்னால ஒரே ஹார்ன். கதவைத் திறந்தான், இறங்கினான், வீட்டைப் பார்த்து நடந்துட்டான். நான் உள்ளே. சாவி அவன் பாக்கெட்ல.”

சூப்பர்வைசர் உன்னைப் பார்த்திருக்கிறார், நீ இங்கே வந்தபோது. “இது உங்கம்மாதானேப்பா?” என்றார். அந்த நிமிடத்திலிருந்து என் பெயர் சாவி. “சாவி, வால்வைத் திற.” “சாவி, டீ வந்தாச்சு, நடந்தே வருவியா?”

இன்னொன்றும் தெரிந்துகொள். கண்ணில் கோளாறு, ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றுதான் இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக எனக்காக ஸ்டேஷன் ஜீப்பை ஓட்டுகிறவன் நேற்றிலிருந்து என் கண்ணையே பார்க்கிறான்.

உன் வீடியோவுக்கு என் மானம்தான் கிடைத்ததா? அது எனக்கு நடந்தது. என்னைக் கேட்காமல் எடுத்து நாற்பதாயிரம் பேருக்குப் பரிமாறிவிட்டாய். நான் அதில் இருக்கக் கூடாது. எடு. எடுத்த பிறகு பவர் சப்ளையைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
சாவி

&nbsp;

ஏப்ரல் 9

மகனுக்கு,

இந்தத் தடவை செல்லப் பெயர் இல்லை. எனக்கும் கோபம் வரும்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு. பம்பிங் ஸ்டேஷன் பெயர்கூடச் சொல்லவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சால்ஜாப்பு.

ஆனால் “எனக்கு நடந்தது” என்று எழுதியிருக்கிறாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வண்டியில் நானும் இருந்தேனடா. நீ இறங்கிப் போனாய். நான் சாவியில்லாத வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் ஜன்னலைத் தட்டி, “ஏம்மா, டிரைவிங் ஸ்கூல் போர்டு மாட்டிக்கிட்டு நடுரோட்ல தூங்குறியா?” என்றான். அடுத்த நாள் அதே வண்டியில் அதே ரோட்டில் பாடம் எடுத்தேன். ஒன்பது வருஷமாக நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, உனக்காக நானும் பேசவில்லை. நீ மூடி வைத்தது உன்னுடையதை மட்டும் இல்லை.

இருந்தாலும் எடுக்கிறேன். நீ கேட்டதால். வீடியோவை அப்படியே அழிக்க மாட்டேன், அதைப் பார்த்துத் தைரியம் வந்தது என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். உன்னை மட்டும் எடுக்கிறேன்.

அம்மா

&nbsp;

ஏப்ரல் 14

மகனுக்கு,

முடித்துவிட்டேன். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு உன் ஏழு பாகத்திலேயே செய்தேன். பதினோரு நிமிட வீடியோ. மெதுவாகத்தான் நகர்ந்தது, பாதியில் உறைந்து நின்றது, மூன்று மூன்று நிமிடமாக நறுக்கி எடுத்து ஒட்டினேன். அப்பா பக்கத்தில் மேஜை விசிறியை வைத்தார். அதனால் ஒரு பயனும் இல்லை என்பாய். எனக்குக் காற்று வந்தது.

நீ வருகிற இடங்களில் குரலை மட்டும் புதிதாகப் பேசி மாற்றியிருக்கிறேன். பார்த்துக்கொள். பவர் சப்ளை இனி வேண்டாம். கார்டை டாக்டரிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

அம்மா

&nbsp;

ஏப்ரல் 15, புதன்
காலை 7.15
பார்த்தது: இரண்டு தடவை, முழுதாக

அம்மா,

பார்த்தேன். “என்கிட்ட ஒரு மாணவன் படிச்சான்” என்கிறாய். யார் அந்த மாணவன்? “அந்தப் பையன் இறங்கிப் போயிட்டான், எங்கே இருக்கானோ.” எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? ஏதோ பணம் கட்டிவிட்டு வராமல் போனவனைப் பற்றிப் பேசுகிற குரலில் பேசியிருக்கிறாய். குரல் உதடோடு ஒட்டவும் இல்லை. என்னை எடு என்றுதான் சொன்னேன். இவ்வளவு சுத்தமாக எடுப்பாய் என்று நினைக்கவில்லை. எனக்கு இதைப் பார்த்து வந்த கோபம் சாப்பாட்டு அறையில்கூட வரவில்லை.

பழையதையும் முழுதாகப் பார்த்தேன், இங்கே ஒருவன் போனில் வைத்திருந்தான். இவர்கள் போட்டுக் காட்டியது அதில் முக்கால் நிமிடம். மிச்சத்தில் நீ யாரையும் கேலி செய்யவில்லை. “வண்டி நின்னா உயிர் போயிடாது, உட்கார்ந்திரு” என்பதையே பத்து விதமாகச் சொல்லிக்கொண்டு போகிறாய். ஒப்புக்கொள்கிறேன். சந்தோஷமாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் இரண்டு வீடியோவிலும் ஒரு தவறு இருக்கிறது. நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. பாதி வழியில் கை பாக்கெட்டுக்குள் போனது, சாவி. திரும்பி ஓடிவந்தேன். அதற்குள் நாலு பேர் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டியிருந்தார்கள். நீ பானட்டில் சாய்ந்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்தாய். சிரித்தாய். தலையைப் பின்னால் தள்ளிச் சிரித்தாய். நான் எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் நின்றேன். ரோட்டைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். சாப்பாட்டு அறையில் எட்டுப் பேர் சிரித்தபோது எனக்குக் கேட்டது அந்த நாலு பேரும் நீயும்தான்.

இனி நான் செய்யப் போவது:

1. இன்று மதியம் அறுநூற்றைம்பது வாட் பவர் சப்ளை வாங்குகிறேன். கார்டுக்கான வயர் அதோடேயே வரும். கூடவே ராம் இரண்டு, வீடியோவை மட்டும் வைக்க இன்னொரு எஸ்எஸ்டி. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதே.

2. ஜீப் ஓட்டுகிறவனிடம் என் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். “சாவி” என்று கூப்பிடுகிறவர்களுக்குத் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

3. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பெட்டியை நான்தான் திறப்பேன். அப்பா டார்ச் பிடிக்கட்டும்.

4. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டேன். கேமிலும் மாட்டேன். அந்தப் பேச்சை எடுக்காதே.

5. “ஒரு மாணவன்” வீடியோவை நானே என் கையால் அழிப்பேன். அதன் இடத்தில் புதிதாக எடுப்போம். மருந்துக் கடை வாசலில் நின்றதை நான் சொல்வேன், உன் மைக்கில்.

6. அன்றைக்கு எதற்குச் சிரித்தாய் என்று கேட்பேன். கேமரா ஓடும்போது வேண்டாம், அதற்கு முன்னால், சமையலறையில்.

7. பதில் எதுவாக இருந்தாலும் பவர் சப்ளையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக மாட்டேன்.

மகன்